வாத்தியார் இருக்கிறார், பாடம் எங்கே?

நாவல் எழுதுகிறவன் என்று ஊரில் பெயர் ஏற்பட்டுவிட்டால் அதோடு சில உபத்திரவங்களும் வந்து சேரும். கட்டுரைப் போட்டிக்கு நடுவராக உட்காருவது அவற்றில் ஒன்று. மாட்டேன் என்றால் கர்வம் என்பார்கள். சரி என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். நாலைந்து வருஷங்களுக்கு முன் மீஞ்சூரில் எனக்கு அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. சுற்றுவட்டாரத்தில் ஒன்பதாவதும் பத்தாவதும் படிக்கிற பிள்ளைகள் எழுதிய எழுபது கட்டுரைகளைச் சணல் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்கள். "வகுப்பறையில் நான் கற்றவை" என்பது தலைப்பு.

எழுபதில் அறுபது ஒரே கட்டுரைதான். திருக்குறளில் ஆரம்பித்து அப்துல் கலாமில் முடியும். நடுவே தமிழுக்கு ஒரு பத்தி, ஆங்கிலத்துக்கு ஒரு பத்தி, கணக்குக்கு ஒரு பத்தி. எல்லாப் பாடமும் வாழ்க்கைக்கு இன்றியமையாதது. பிள்ளைகளைக் குறை சொல்லக்கூடாது. அப்படி எழுதினால்தான் மார்க்கு விழும் என்று அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் பெரியவர்கள். மார்க்குப் போட்டவனும் ஒரு பெரியவன்தானே? கையெழுத்து அழகாக இருந்த ஒரு பையனுக்கு முதல் பரிசைக் கொடுத்தேன்.

ஒரு கட்டுரை மட்டும் இந்த வரிசையில் சேரவில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்துப் பெண் எழுதியது அது. அவள் பெயரையும் குப்பத்தின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. ஐந்தரைப் பக்கம். முன்னுரை கிடையாது, முடிவுரை கிடையாது. கணக்குக்கு ஒன்றரைப் பக்கம், ஆங்கிலத்துக்கு ஒரே வரி. நான் சிவப்பு மையில் ஓரத்தில், "கருத்து உண்டு, ஒழுங்கு இல்லை" என்று எழுதி, பரிசு இல்லாத கட்டில் சேர்த்துவிட்டேன்.

பிரதிகளைத் திருப்பி வாங்கிப்போக யாரும் வரவில்லை. அலமாரியின் மேல்தட்டில் கிடந்தன. போன மாதம் இத்தாலியப் பையன்கள் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய "ஓர் ஆசிரியைக்குக் கடிதம்" என்ற புத்தகத்தை மறுபடி எடுக்கப் போனபோது அந்தக் கட்டும் கூடவே சரிந்து விழுந்தது. அந்தப் பெண்ணின் கட்டுரை மேலே இருந்தது. நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். நான் செய்த காரியம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அதைச் சொல்வதற்கு முன், பள்ளிக்கூடத்தை எழுத்தாளர்கள் எப்படிப் பார்த்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு ஏன் கண் தெரியாமல் போயிற்று என்பது அங்கேதான் இருக்கிறது.

நம் கதைகளில் பள்ளிக்கூடம் நிறைய வருகிறது. மணி அடிக்கிறது, பிரம்பு வருகிறது, மதியச் சோற்றுத் தூக்கு வருகிறது, பக்கத்து பெஞ்சுச் சிநேகிதன் வருகிறான். வாத்தியார் வருகிறார், அவர் பெரும்பாலும் தெய்வமாக இருப்பார், இல்லாவிட்டால் ராட்சசனாக இருப்பார். இவ்வளவும் வரும் இடத்தில் பாடம் மட்டும் வருவதில்லை. பூகோள வகுப்பில் பூகோளம் என்ன ஆயிற்று, பின்னக் கணக்கு ஒரு பையன் தலைக்குள் போனபோது அங்கே ஏற்கெனவே இருந்த எதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தது என்று எழுதியவர்கள் மிகச் சிலர். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவன் என்று தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கி. ராஜநாராயணனைப் போன்றவர்களை விட்டுவிடலாம். அவர் பிற்காலத்தில் பல்கலைக்கழகத்துக்கே பேராசிரியராகப் போனார் என்பது வேறு கதை. பள்ளிக்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து எழுந்தவர்களும் இதை எழுதவில்லை. நானும் எழுதவில்லை. என் நாவல்களில் மூன்றில் பள்ளிக்கூடம் வருகிறது. மூன்றிலும் பையன்கள் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

படிப்பின் ருசியை எழுதியவர் என்று உடனே உ.வே.சாமிநாதையரைச் சொல்வீர்கள். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த "என் சரித்திர"த்தில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட பகுதிகளைப் படித்தால் நாக்கில் ஊறும். எந்த நூலை எப்போது கேட்டோம், என்ன சாப்பிட்டுவிட்டுக் கேட்டோம் என்பதுகூட அவருக்கு நினைவிருக்கிறது. ஆனால் அது ஒரே பாடம். அதுவும் தானே தேடிப் போன பாடம். மணிக்கு ஒன்றாக மாறிக்கொண்டிருக்கிற ஏழு பாடங்களுக்கு நடுவில், தேடிப் போகாமல் கொண்டுபோய் உட்கார வைக்கப்பட்ட குழந்தையின் விஷயம் வேறு.

அந்தக் குழந்தையைப் பார்த்தவர் ஆர்.கே. நாராயணன். 1935இல் வெளிவந்த "சுவாமியும் நண்பர்களும்" நாவலில் ஓர் இடம். சுவாமிநாதனை அப்பா கூப்பிட்டு உட்காரவைத்துக் கணக்குக் கொடுக்கிறார். ராமனிடம் பத்து மாம்பழம்; அவற்றை விற்றுப் பதினைந்து அணா சம்பாதிக்க வேண்டும். கிருஷ்ணனுக்கு நாலு மாம்பழம் போதும். அவன் எவ்வளவு கொடுக்க வேண்டும்? சுவாமிக்கு ராமன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று யோசனை ஓடுகிறது. பழம் பழுத்ததா, காயா என்று அப்பாவைக் கேட்கிறான். காதைத் திருகுகிறார். கடைசியில் ஆறணா என்று விடை வருகிறது. விடையோடு அழுகையும் வந்துவிடுகிறது.

இதைப் படித்துச் சிரிக்காதவர்கள் இருக்க முடியாது. இப்போது யோசித்தால், அந்தச் சிரிப்பில் நாம் யார் பக்கம் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பையன் கணக்கை விட்டுவிட்டுக் கதைக்குப் போய்விட்டான் என்றுதான் சிரிக்கிறோம். மாம்பழம் விற்கிறவளைக் கேட்டுப் பாருங்கள். பழுத்ததா என்பதுதான் முதல் கேள்வி என்று சொல்லுவாள். அதைச் சொல்லாமல் விலை சொல்லவே முடியாது. அதே நாவலில் பரீட்சைக்குப் படிக்கிற சுவாமி ஐரோப்பாவின் படத்தை வைத்துக்கொண்டு, இவ்வளவு கோணலான தேசத்தில் ஜனங்கள் எப்படிக் குடியிருக்கிறார்கள், படம் வரைகிறவர்கள் உயரமான கோபுரத்தின் மேல் ஏறி நின்று பார்த்து வரைந்திருப்பார்களோ என்று நினைக்கிறான். அதையும் நாம் வெகுளித்தனம் என்றே ரசிக்கிறோம். நாராயணன் மகா கலைஞர். குழந்தையின் கேள்வியை அப்படியே பிடித்துவிட்டார். ஆனால் கேள்வி கேட்ட குழந்தைக்கு அந்தப் பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாது என்ற இடத்திலேயே அவர் நின்றுவிடுகிறார். சுவாமி மாம்பழம் விற்றவன் அல்ல.

தமிழில் இந்த விஷயத்துக்கு மிக அருகில் வந்த கதை இரா. நடராசனின் "ஆயிஷா." காந்தத்தைப் பற்றி வகுப்பில் ஒரு பெண் கேட்கிற கேள்வியிலிருந்து அது கிளம்புகிறது. பள்ளிக்கூடங்களில் ஆயிரக்கணக்கான பேர் படித்து அழுத கதை. நானும் அழுதவன்தான். இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். அது ஓர் ஆசிரியை தன் விஞ்ஞானப் புத்தகத்துக்கு எழுதுகிற முன்னுரை. பேசுகிறவள் ஆசிரியை. குழந்தை செத்துப் போகிறாள். செத்தபிறகு நமக்குத் துக்கம் நிறைந்துவிடுகிறது; காந்தம் மறந்துபோகிறது.

இனி அந்த இத்தாலியப் புத்தகம். ஃபிளாரன்ஸுக்கு வடகிழக்கே மலைமேல் பார்பியானா என்று ஒரு குக்கிராமம். மேலிடத்தோடு ஒத்துப்போகாத லொரென்ஸோ மிலானி என்ற பாதிரியாரை 1954இல் அங்கே அனுப்பினார்கள். அவர் அங்கே குடியானவர்கள் வீட்டுப் பையன்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். அரசாங்கப் பள்ளியில் தோற்கடிக்கப்பட்டு வந்த எட்டுப் பையன்கள் அவரிடம் இருந்துகொண்டு, தங்களைத் தோற்கடித்த ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். 1967 மே மாதம் அது புத்தகமாக வந்தது. அடுத்த மாதமே மிலானி 44 வயதில் காலமானார். நான் படித்தது இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. காலேஜில் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவனுக்கும் எட்டுகிற இங்கிலீஷ்.

மாணவர்களே தங்கள் பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்து விமரிசனம் செய்த புத்தகம் இதைப் போல் இன்னொன்று எனக்குத் தெரியாது. பிரெஞ்சுப் பரீட்சையில் ஆந்தை, கூழாங்கல் என்று இலக்கண விதிவிலக்கான சொற்களாகப் பார்த்துக் கேட்டார்களாம். அதில் நல்ல மார்க்கு வாங்கியவனுக்குப் பிரான்ஸில் போய்க் கழிவறை எங்கே என்று கேட்கத் தெரியாது. உருளையின் மேல் அரைக்கோளத்தைக் கவிழ்த்து அதன் மேற்பரப்பைக் கண்டுபிடி என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டு, இதை உலகத்தில் யார் எப்போது அளந்தார்கள் என்று கேட்கிறார்கள். தேகப்பயிற்சிப் பரீட்சையில் கூடைப்பந்தைத் தூக்கிப் போட்டு ஆடச் சொன்னார்கள். பந்தையே பார்த்திராத மலைப் பையன்கள் விழித்தார்கள். ஆனால் அவர்கள் ஓக் மரத்தில் சரசரவென்று ஏறக்கூடியவர்கள்.

அபாரமான கோபம். எந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் எந்த வகுப்பில் நிறுத்தப்பட்டார்கள் என்று புள்ளிவிவர அட்டவணைகள் போட்டிருக்கிறார்கள். கணக்கு அவர்கள் கையில் அரிவாளாகிவிட்டது. ஆனால் இப்போது மறுபடி படித்தபோது எனக்கு ஒரு குறை தெரிந்தது. எல்லாப் பாடமும் குற்றப்பத்திரிகையில் ஒரு பக்கமாகவே வருகிறது. தோற்கடித்தவர்களிடம் கேட்கிற கேள்வி அது. பாடத்தினிடமே கேட்கிற கேள்வி குறைவு.

மீஞ்சூர்க் கட்டுரையில் குற்றச்சாட்டு இல்லை. பாராட்டும் இல்லை. நான் அன்று இரண்டில் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டும் கிடைக்காததால் ஒழுங்கில்லை என்று எழுதிவிட்டேன்.

அவள் கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறாள். மீச்சிறு பொது மடங்கு என்ற பாடம் ஒன்றுதான் சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே தெரிந்திருந்தது என்கிறாள். பழவேற்காட்டு ஏரியில் வலை போடுவதற்குப் "பாடு" என்று ஒரு முறை உண்டு. ஏரியில் மீன் படுகிற இடங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த இடங்களுக்குக் குப்பங்கள் முறை வைத்துப் போகும். யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்த்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே போய்விடாமல் இருக்கவும், ஏரிக்குள் அடிதடி இல்லாமல் இருக்கவும் வெகுகாலமாக நடந்துவரும் ஏற்பாடு. தன் வீட்டு முறை மறுபடி நல்ல இடத்துக்கு எந்த நாளில் வரும் என்று விரல்விட்டு எண்ணி எண்ணிப் பழகியவளுக்கு, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று வகுப்பில் தெரிந்தபோது சந்தோஷமாக இருந்ததாம். அடுத்த வரியிலேயே, பாடு ஆண்களுக்குத்தான், தான் எண்ணினாலும் தனக்கு முறை கிடையாது என்று எழுதியிருக்கிறாள். அதற்குமேல் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

அப்புறம் கூட்டு வியாபாரக் கணக்கு. புத்தகத்தில் மூன்று பேர் முதல் போடுகிறார்கள், லாபம் வருகிறது, முதலுக்கேற்றபடி பிரித்துக்கொள்கிறார்கள். அவள் வீட்டில் பிரிக்கிறவிதம் வேறு. முதலில் டீசல் போகும். பிறகு மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தில் ஒரு துண்டு போகும். மீதியில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. சில நாள் டீசலோடு கணக்கு முடிந்துவிடும். புத்தகத்தில் நஷ்டம் வருகிற நாளே இல்லையே, அந்த மூன்று பேர் எந்த வியாபாரம் செய்கிறார்கள் என்று தெரிந்தால் அப்பாவிடம் சொல்லலாம் என்று எழுதியிருக்கிறாள். இது கிண்டலா, நிஜமான விசாரணையா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. எழுதுகிறவர்களுக்குத் தெரியும், இந்தத் தொனி எவ்வளவு கஷ்டமானது என்று.

இங்கேதான் சுவாமியின் மாம்பழம் எனக்கு ஞாபகம் வந்தது. அவனும் கணக்குக்கு வெளியே நின்றுதான் கேட்டான், இவளும் அப்படித்தான் கேட்கிறாள். ஆனால் இவள் மாம்பழக்காரியின் மகள். பழுத்ததா என்று கேட்டுவிட்டுக் கணக்கையும் சரியாகப் போடுகிறாள்.

பூகோளத்தில் பழவேற்காடு வருகிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது என்று ஒரு வரி. தன் ஊர் புத்தகத்தில் இருப்பதைப் பார்த்து வகுப்பே அவள் பக்கம் திரும்பியதாம். பிறகு வரைபடத்தில் ஏரியை நீலமாகத் தீட்டச் சொன்னார்கள். எந்த மாதத்து ஏரியைத் தீட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கார்த்திகையில் இருக்கிற ஏரி சித்திரையில் இருக்காது; கோடையில் பாதி இடத்தில் நடந்தே போகலாம். இது விளையாட்டுக் கேள்வி அல்ல. அந்த ஏரியின் பரப்பைப் பெரிய புத்தகங்களும் 250 சதுர கிலோமீட்டர் முதல் 450 வரை என்று இழுத்துத்தான் சொல்கின்றன. ஓதத்தைப் பொறுத்தது, பருவத்தைப் பொறுத்தது. அதில் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஆறு கடலில் போய்ச் சேரும் என்று படித்தவள், முகத்துவாரத்தில் தண்ணீர் இரண்டு பக்கமும் போகிறதே, அது ஆறா கடலா என்று கேட்டிருக்கிறாள். முகத்துவாரம் மண் மூடிப்போனால் படகு கடலுக்குப் போக முடியாது. அந்த மண்ணைப் பற்றியும் பாடத்தில் இருக்கலாம் என்கிறாள்.

சரித்திரம் அரைப்பக்கம்தான். டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்துப் பயந்ததை எழுதிவிட்டு, செத்தவன் பெயர், வயது எல்லாம் கல்லில் இருக்கிறது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை, என் தாத்தாவைப் புதைத்த இடத்தில் கல் கிடையாது என்று நிறுத்திவிட்டாள். பதினேழாம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்திலிருந்து ஆயிரக்கணக்கான ஜனங்களை அடிமைகளாகக் கப்பலேற்றிப் படேவியாவுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுக்கும் கல் கிடையாது. அவளுடைய பாடத்தில் அது இருந்ததா என்று அவள் சொல்லவில்லை.

ஆங்கிலத்துக்கு எழுதிய ஒரே வரி இது: "ஆங்கில வகுப்பில் நாங்கள் மிகவும் அமைதியாக இருப்போம்."

தமிழில் ஐந்திணை. நெய்தலுக்கு நிலம் கடலும் கடல் சார்ந்த இடமும், உரிப்பொருள் இரங்கல், சிறுபொழுது எற்பாடு என்று அட்டவணையை மனப்பாடம் செய்திருக்கிறாள். எங்கள் வீட்டில் இரங்கல் இல்லை, சத்தம்தான் இருக்கிறது என்கிறாள். படகு வர நேரமானால் அம்மா இரங்குவதில்லையாம், கண்டபடி திட்டுவாளாம். அப்பா வந்து சேர்ந்த பிறகும் திட்டு நிற்காதாம். இலக்கியப் பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும். நெய்தல் திணைக்கு இதைவிடச் சுருக்கமான உரையை நான் படித்ததில்லை.

அதைவிட முக்கியமான இடம் அடுத்தது. எற்பாடு என்பதை எல், பாடு என்று பிரித்து, எல் என்றால் சூரியன், பாடு என்றால் படுவது, மறைவது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாடும் எங்கள் பாடும் ஒன்றா என்று அவள் எழுந்து கேட்டிருக்கிறாள். பரீட்சைக்கு வராது, உட்கார் என்று பதில். நான் அகராதியைப் புரட்டினேன். படுதல் என்ற வினையில் விழுதல், மறைதல், வலையில் சிக்குதல், துன்பப்படுதல் எல்லாம் அடங்கியிருக்கின்றன. வலையில் மீன் பட்டது என்கிறோம், பொழுது பட்டது என்கிறோம், பாடுபட்டான் என்கிறோம். ஒரு பெண் ஏரிக்கரையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்த சொல்லும், இலக்கண நூலில் இருந்த சொல்லும் ஒரு வகுப்பில் நேருக்கு நேர் சந்தித்திருக்கின்றன. தமிழ் வகுப்பில் இதைவிடப் பெரிய காரியம் என்ன நடந்துவிட முடியும்? நடந்தது, மணியடித்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் என் சொந்த விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் மீஞ்சூர்க்காரன். ஐந்தாவது படிக்கிறபோது பரீட்சையில் தண்ணீரின் குணங்கள் என்ன என்று கேட்டிருந்தார்கள். நிறமில்லை, மணமில்லை என்று எழுதிவிட்டு, சுவை என்ற இடத்தில் உப்பு என்று எழுதினேன்.

"என்னடா எழுதியிருக்கே? தண்ணிக்கு ஏதுடா ருசி?" என்றார் வாத்தியார்.

"எங்க கெணத்துத் தண்ணி உப்பு சார்."

"அது உங்க கெணறு. நான் கேட்டது தண்ணியை."

ஒரு மார்க்குப் போயிற்று. கையில் இரண்டு அடியும் விழுந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் வீட்டிலும் உப்புத் தண்ணீர்தான். ஊரே ஸ்டேஷன் பக்கத்துக் குழாயில் குடம் வைத்து வரிசையில் நின்ற காலம் அது. வெகு நாள் கழித்து எனக்கு விவரம் தெரிந்தது. கடலோர நிலத்தடியில் நல்ல தண்ணீர், கனமான கடல் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழேயிருந்து நாற்பது அடிக்கு உப்பு ஏறிவரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு டச்சுக்காரரும், பிறகு ஒரு ஜெர்மானியரும் தனித்தனியே இதைக் கண்டு சொன்னார்கள். மீஞ்சூர்ப் பக்கத்தில் 1960களில் சென்னைக்காக ஆழ்கிணறுகள் போட்டு இறைத்தார்கள், விவசாயத்துக்கும் இறைத்தார்கள். கடல் பூமிக்கடியில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்துவிட்டது. பின்னர் 2010இல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை பக்கத்துக் காட்டுப்பள்ளியில் வந்தது. இவ்வளவும் நான் எழுதிய ஒரு சொல்லுக்குள் இருந்தது. அன்று அதைக் கேட்க நேரமில்லை.

இப்படி அடிபட்டவன் அல்லவா நான்? எனக்கல்லவா அந்தப் பெண்ணின் கட்டுரை முதலில் புரிந்திருக்க வேண்டும்? அதுதான் வெட்கம். அவளுடைய பாடுக்கு மணியடித்த வகுப்பும், அவளுடைய ஐந்தரைப் பக்கத்துக்குச் சிவப்பு மை அடித்த நானும் வேறு வேறு இல்லை.

பாடப்புத்தகங்கள் மோசம் என்று சொல்லி நழுவிவிடலாம். அது நியாயமல்ல. 2018 முதல் தமிழ்நாட்டில் வந்த புதிய பாடநூல்களைப் புரட்டிப் பார்த்தேன். படமும் அச்சும் பிரமாதம். கைபேசியைக் காட்டினால் மேற்கொண்டு விவரம் வருகிற கட்டங்கூடப் போட்டிருக்கிறார்கள். என் காலத்துப் புத்தகங்களோடு சேர்த்துப் பேசவே கூடாது. ஆனால் எந்தப் புத்தகமும் சித்திரை மாதத்து ஏரியையும் கார்த்திகை மாதத்து ஏரியையும் ஒரே பக்கத்தில் தீட்ட முடியாது. அதைக் கொண்டுவர வேண்டியது எதிரில் உட்கார்ந்திருக்கிற பெண். அவளை எழுத வேண்டியவர்கள் நாங்கள். நாங்கள் வாத்தியாரையே எழுதிக்கொண்டிருந்துவிட்டோம்.

கட்டுரையில் குறைகள் இல்லாமல் இல்லை. சொல்லவேண்டிய இடத்தில் நிறுத்திவிடுகிறாள். தாத்தாவின் கல் அப்படி ஒன்று. கணக்கில் மட்டும் தேவைக்குமேல் ஓடுகிறாள். எழுத்துப்பிழைகள் உண்டு, ரகரமும் றகரமும் அவளுக்கு ஒன்றுதான். சிநேகிதிகளைப் பற்றி, விளையாட்டைப் பற்றி ஒரு சொல் கிடையாது. வகுப்பில் அவள் ஒருத்திதான் இருந்தாளோ என்று தோன்றுகிறது.

கடைசியாக விஞ்ஞானம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. ராக்கெட் விடுகிற நாளில் அந்தப் பக்கத்துக் கடலுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிடுவார்கள். அப்பா வீட்டில் இருப்பார். (மேலே நின்று பார்த்து நிலத்தைப் படம் பிடிக்கிற செயற்கைக் கோள்கள் அங்கேயிருந்துதான் போகின்றன. சுவாமி நினைத்த கோபுரம் ஒருவிதத்தில் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது.) ஒளி முதலில் வரும், ஒலி பின்னால் வரும் என்ற பாடத்துக்குப் புத்தகத்தில் இடியும் மின்னலும் உதாரணம். அவள் ஒரு நாள் கரையில் நின்று, வெளிச்சம் கிளம்பியதும் அண்ணனின் செல்போனில் விநாடி பார்க்க ஆரம்பித்தாள். உறுமல் வந்து சேர 104 விநாடி ஆயிற்று. ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகும் என்று படித்திருக்கிறாள். இரண்டையும் பெருக்கித் தன் கரையிலிருந்து ராக்கெட் கிளம்புகிற இடம் எவ்வளவு தூரம் என்று கண்டுபிடித்திருக்கிறாள். அன்று கடலுக்குப் போகாமல் வீட்டிலிருந்த அப்பா அந்தத் தூரத்தைக் கேட்டுவிட்டு, இருக்கும் என்றாராம்.

போன வாரம் நான் ஒரு காகிதத்தை எடுத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 35,360 மீட்டர் வருகிறது. அவள் 35,630 என்று எழுதியிருக்கிறாள். கடைசியில் படியெடுக்கும்போது இலக்கம் இடம் மாறியிருக்க வேண்டும். என்னுடைய சிவப்பு மை அதற்கு இரண்டு அங்குலம் தள்ளி, ஓரத்தில், ஒழுங்கு இல்லை என்று இருக்கிறது. பிழையின் மேல் ஒரு கோடுகூட இல்லை.